மாமாவின் முன்முடியும் என் வாயும்

என் மாமாவுக்குக் கல்யாணம் நடந்ததற்கு ஜாதகம்தான் காரணம் என்பாள் அம்மா. குலதெய்வம் என்பார் அப்பா. ஒன்பது வயதில் நான் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து பண்ணிய காரியம்தான் காரணம் என்று நான் சொன்னால், "போடி வாயாடி" என்று இருவரும் ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் ஒன்றாகச் சேருகிற அபூர்வமான விஷயம் அது.

மாமா அம்மாவின் தம்பி. உக்கடத்தில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். பம்புசெட் கம்பெனியில் லேத் வேலை. முப்பத்திரண்டு வயது, சிரித்த முகம், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. முன்மண்டையில் முடியும் கிடையாது. உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று இருக்கும். அதற்குள் ஆறு வீட்டில் பெண் பார்த்தாகிவிட்டது. ஆறு வீட்டாரும் "கலந்து பேசிச் சொல்றோமுங்க" என்று கும்பிட்டு அனுப்பினார்கள். பாவம், இன்னும் கலந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள் போல.

ஏழாவது பெண் சோமனூரில். இந்த முறை அம்மா முந்திக்கொண்டாள். எங்கள் தெருமுனையில் ஒரு சலூன் உண்டு. இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, தலையாட்டிக்கொண்டே சுற்றும் ஒரு காற்றாடி, அவ்வளவுதான் கடை. நாலு தெருவில் அங்கேதான் சல்லிசு. அந்தக் கடைக்கார அண்ணனிடம் ஒரு வித்தை இருந்தது. பக்கவாட்டில் நீளமாக வளர்த்த முடியை முன்னால் இழுத்து, ஜெல் தடவி, மெஷினால் சூடு காட்டி, ஒவ்வொரு கற்றையாக அடுக்கி வைப்பார். அரைமணி நேரம் பிடிக்கும். எழுந்து நின்றால் மாமா வேறு ஆள்! அந்த வேறு ஆளைப் போட்டோ எடுத்து அம்மா சோமனூருக்கு அனுப்பிவிட்டாள். மாமாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. "நாளைக்குத் தெரியாமயா போயிருமுங்க்கா?" என்றார். "கல்யாணத்துக்குப் பொறவு தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது" என்று அம்மா முடித்துவிட்டாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முடியைப் பற்றி வெளியே மூச்சு விட்டால் தோலை உரித்துவிடுவதாகச் சொன்னாள்.

பெண் பார்க்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்கும் முன் போய் உட்கார்ந்துவிட வேண்டும். பத்து மணிக்காவது கார் கிளம்ப வேண்டும். ஞாயிறு என்றால் அந்தக் கடையில் திருவிழாக் கூட்டம். செவ்வாய் கடை லீவு, வெள்ளிக்கிழமை முடியில் கை வைக்க மாட்டார்கள், மிச்ச நாளெல்லாம் வேலை. ஆக ஊர்த் தலையெல்லாம் ஞாயிறுதான் அங்கே வரும். அப்பா கார் ஏற்பாட்டுக்கும் மாமா பூமார்க்கெட்டுக்கும் போக வேண்டியிருந்ததால், இடம் பிடிக்க என்னை அனுப்பினார்கள். "நான் வாரதுக்குள்ள நம்ம முறை வந்தா ஒருத்தர உட்டுப்போட்டு, அவருக்கு அடுத்தது நாங்கதான்னு சொல்லிப்போடு கண்ணு" என்று மாமா படித்துப் படித்துச் சொன்னார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆம்பளைகள் கடைக்குள் முதல்முறையாகப் போகிறேன், அதுவும் பொறுப்போடு! ஏழு மணிக்குப் பெஞ்சின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி. அதற்குள் என்னைப் போல நூறு பேர். நான் நாக்கை நீட்டினால் நூறு பேரும் நீட்டினார்கள். பவுடர் வாசம், எஃப்.எம். பாட்டு, தண்ணீர் அடிக்கிற குப்பியின் புஸ்புஸ், ஒரே பேப்பரை ஆறாகப் பிரித்து ஆளுக்கு ஒரு தாளாகப் படிக்கும் பெரியவர்கள். சொர்க்கம் என்றால் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

எட்டு மணி வாக்கில் நாற்காலி காலியானது. அப்போதுதான் உள்ளே வந்த ஒருவர் என்னைப் பார்த்துக் குனிந்து, "ஏனுங் அம்மணி, அடுத்தது நீங்களுங்களா?" என்றார். நீங்களுங்களா! வீட்டில் "அடியே", பள்ளியில் "ஏய் ரெட்டை ஜடை". என்னை ஒரு பெரிய மனுஷர் 'ங்க' போட்டுக் கேட்டது அன்றைக்குத்தான். குளிர்ந்துபோய்விட்டேன். "பரவாயில்லீங்க, நீங்க உக்காருங்க" என்றேன், அம்மா விருந்தாளிகளிடம் சொல்கிற அதே ராகத்தில். "அட, எம்புட்டு மரியாதை!" என்று கடையே சொன்னது. அப்புறம் கேட்பானேன். வந்தவர்களுக்கெல்லாம் அதே உபசாரம். "அடுத்தது நாங்கதான்" என்று சொல்வதை மட்டும் மறந்தே போனேன்.

இந்தக் கூத்தையெல்லாம் பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். மடியில் தோல்பை. அவரும் வருகிறவர்களுக்கெல்லாம் "நீங்க போங்க, எனக்கு அவசரமில்லீங்" என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். நம்ம கட்சி என்று எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் தலை அப்போதுதான் வெட்டியது போல ஒட்டக் கிடந்தது, தாடையும் மழமழவென்று இருந்தது. இதில் வெட்ட என்ன மிச்சம் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"அம்மணி ஆருக்குங்க இடம் புடிச்சிருக்கறீங்க?" என்று அவர்தான் ஆரம்பித்தார்.

"எங்க மாமாவுக்குங்க. இன்னைக்குப் பொண்ணுப் பாக்கப் போறோம்!"

"அப்படிங்களா. முடி வெட்டறதுக்குங்களா?"

"வெட்டறதுக்கு இல்லீங்க, அடுக்கறதுக்கு" என்றேன். அப்புறம் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. மாமாவின் முன்மண்டை, பக்கத்து முடி, ஜெல், சூடு எல்லாவற்றையும் என் ஜடையைப் பிடித்து இழுத்துச் செய்தே காட்டினேன். கடைக்கார அண்ணன் கத்தரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக என்னை முறைத்தார். இருமினார். எஃப்.எம்.மை அலற விட்டார். பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்காதே என்று நான் இன்னும் உரக்கச் சொன்னேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "இது மாமனோட யோசனைங்களா, கண்ணு?"

"இல்லீங்க, அம்மாவோடது. மாமாவுக்குப் புடிக்கவே புடிக்காது. போன தடவை பொண்ணுப் பாத்துட்டு வந்து பாத்ரூம்ல பைப்பத் தொறந்து உட்டுட்டு அழுதாரு. தண்ணி சத்தத்துல ஆருக்கும் கேக்கல. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

அவர் கையில் இருந்த பேப்பரை மடித்தார், மறுபடி மடித்தார். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் உள்ளே வர, நான் எழுந்து "நீங்க உக்காருங்க" என்றேன். வெள்ளைச் சட்டைக்காரர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சித்தெ வெளிய போயிட்டு வாரேன் கண்ணு" என்று பையை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் வரவே இல்லை.

ஒன்பதரைக்கு மாமா பூவும் பழமுமாக வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "நம்ம முறை எங்க கண்ணு?"

"ஏழு பேருக்கு விட்டுக்கொடுத்திருக்கேன் மாமா!" என்றேன், பரிசு வாங்கப் போகிறவள் போல.

மாமா திட்டவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் பெஞ்சு முழுக்க எழுந்து நின்று "நீங்க மொதல்ல போங்க" என்றது. ஆனால் பெஞ்சு எழுந்து என்ன பண்ண? இரண்டு நாற்காலியிலும் ஆள். கடைக்கார அண்ணன் நாற்காலியில் இருந்தவருக்குப் பாதித் தலைக்கு டை. அவரைக் கழுவி அனுப்பியபோது பத்தாகப் பத்து நிமிடம். "அடுக்கறதுக்கு நேரமில்லீங்க தம்பி. ஒட்ட வெட்டறதுன்னா முடிச்சுடலாம்" என்றார் அண்ணன்.

போனில் அம்மா கத்தியது கடை முழுக்கக் கேட்டது. வயிற்றுவலி என்று சொல்லி அடுத்த ஞாயிறு போகலாம் என்றாள். மாமா கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாரேன்னு சொல்லிப்போட்டு வராம இருக்கறது நல்லா இருக்குமுங்களாக்கா?" என்று போனை வைத்துவிட்டு நாற்காலியில் ஏறினார். "ஒட்ட வெட்டிப்போடுங்கண்ணா."

ஒரு வருஷமாக வளர்த்த முடி பொத்துப் பொத்தென்று விழுந்தது. பிடரியில் பவுடர் போட்டு, துண்டை உதறி, "இப்பத்தாங்க தம்பி உங்க மொகமே தெரியுது" என்றார் அண்ணன். எனக்கென்னவோ மண்டைதான் தெரிந்தது.

சோமனூர் போய்ச் சேரும் வரை அம்மா என் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். ஊர் நெருங்கித் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. இதுவும் போய்விட்டால் மாமா மறுபடி பைப்பைத் திறந்துவிடுவாரே! எல்லாம் என்னால்தானே! கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தால், தண்ணீர்ச் சொம்போடு எதிரே வருகிறார் வெள்ளைச் சட்டைக்காரர்!

சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோனது. "ஏனுங்க, நீங்க முடி வெட்டாமயே வந்துட்டீங்களே!" என்று கத்தினேன்.

பெண்ணின் தாய்மாமனாம் அவர். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவரோ என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவின் தலையைப் பார்த்தார். முன்னால், பக்கவாட்டில், மறுபடி முன்னால். மாமா குனியவும் இல்லை, கைக்குட்டையால் மறைக்கவும் இல்லை. அவர் சொம்பை மாமா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நெடுநேரம் குசுகுசுப்பு. திரும்பி வந்து, "எங்களுக்குக் கலந்து பேச ஒண்ணுமில்லீங்க. பொண்ணுக்குச் சரின்னா எங்களுக்கும் சரி" என்றார்.

நான் அவரிடம் பெஞ்சில் மரியாதையாக நடந்துகொண்டதற்குப் பதில் மரியாதை செய்கிறார் என்றே நம்பினேன். பெண் வீட்டார் மாப்பிள்ளை ஊருக்கு வந்து டீக்கடையிலும் சலூனிலும் உட்கார்ந்து விசாரிப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

அந்தப் பெண்தான் என் அத்தை. எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்த சமயத்தில்தான் அத்தை மிச்சத்தைச் சொன்னாள். முடி சமாச்சாரம் கேட்டதும், ஏமாற்றுகிற இடம் வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் அவளுடைய தாய்மாமன் பெஞ்சிலிருந்து எழுந்தாராம். "அந்தப் புள்ள வரிசைய உட்டுக்கொடுத்துட்டே இருந்துச்சு. போதும் கண்ணுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. முடி அடுக்க நேரமில்லாமப் போனா மாப்பிள்ளை வாரானா, நின்னுக்கறானான்னு பாக்கலாம்னு உட்டுட்டேன்" என்று அன்றைக்கு உள்ளே வந்து அத்தையிடம் சொன்னாராம். நான் மரியாதை என்று பீற்றிக்கொண்டதில் பாதி, அவர் வேண்டுமென்றே தடுக்காமல் விட்டது.

"அது மட்டுந்தானுங்களா சொன்னாரு, அத்தை?" என்றேன். அத்தை சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆனால் இத்தனை வருஷமாக அந்த வீட்டில் ஒன்றைப் பார்த்துவருகிறேன். மாமா பாத்ரூமில் இருக்கும்போது பைப் கொஞ்சம் அதிக நேரம் ஓடினால், அத்தை எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டுவாள். தண்ணீர் வீணாகிறது என்றுதான் தட்டுகிறாள் என்று மாமா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.