ஏழு கேள்விக்கும் ‘இல்லை’

“கேட்டா மட்டும் சொல்லு.”

“கேட்கலைன்னா?”

“கேட்கலைன்னா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை. நீயா வாயைத் திறந்து உன் வாழ்க்கையைக் கெடுத்துக்காதே.”

கல்யாணப் பேச்சு முடிவான அன்று, பெரியம்மா தன் மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, தலை பின்னிவிட்டபடியே சொன்னது இது. வலது காதுக்கு மேலே, முடிக்குள் ஒளிந்திருந்த தழும்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முடியை இழுத்து அதை மூடிவிட்டார்.

இனி நான் சொல்லப்போவது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அக்கா பல்லியைத் தவிர எதற்கும் பயப்படாதவள். ஆனால் அவள் கொண்டுவந்த அந்தத் துணி நாடாவை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு சாண் நீளம். வெள்ளைத் துணியில் சின்னச் சின்னப் பச்சை இலைகள். அதைத் தொட்ட விரல் அன்று முழுக்கச் சில்லென்றே இருந்தது.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. மண்டையைத் திறந்து, அந்த இடத்தில் குட்டியாக ஓர் உலோகக் கிளிப் போட்டு மூடினார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் தலையில் ஆபரேஷன் செய்த பெண் என்றால் யார் கட்டுவார்கள் என்று பெரியம்மாவுக்குப் பயம். அதனால்தான் அந்தப் பேச்சு.

அத்தான் கேட்கவே இல்லை. பதினோரு வருஷமாக.

நல்ல மனிதர்தான். அக்கா மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஒரே ஒரு பழக்கம், அவளிடம் யார் என்ன கேட்டாலும் பதில் அவரிடமிருந்து வரும். பல் டாக்டர் அக்காவின் வாய்க்குள் கண்ணாடியை விட்டு “வலிக்குதா?” என்று கேட்டால்கூட, “லைட்டா வலிக்கும் டாக்டர்” என்பார் அத்தான். நாங்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிப்போம். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

போன வருஷம் அவளுக்கு முதுகு வலி வந்து, இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார் டாக்டர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தரை மணிக்கு நேரம் கொடுத்தார்கள்.

10:12. ஸ்கேன் மையத்தின் கவுன்ட்டரில் ஒரு படிவம் நீட்டினார்கள். அத்தான் வாங்கிக்கொண்டார். அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கண்ணாடி போட்ட டெக்னீஷியன் ஒருவர் பக்கத்தில் நின்று, எழுதியிருப்பதை வாய்விட்டும் கேட்டார். ஏழு கேள்விகள். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, காதுக்குள் கருவி உண்டா, கண்ணில் இரும்புத் தூள் பட்டதுண்டா...

“இல்லைங்க. இல்லை. அதுவும் இல்லை.”

“தலையில ஆபரேஷன் பண்ணி கிளிப், தகடு ஏதாவது?”

“எங்க வீட்டம்மா தலையில மூளை மட்டும்தான் சார். அதுவும் கொஞ்சம் அதிகம்.”

டெக்னீஷியன் சிரித்துவிட்டார். “அம்மா?” என்று அக்காவைப் பார்த்தார்.

கேட்டால் சொல்லச் சொன்னார் பெரியம்மா. இதோ, கேட்டுவிட்டார்கள். ஆனால் பதிலும் வந்துவிட்டது. இந்த நேரத்தில், இத்தனை பேர் முன்னால், அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போது, பதினோரு வருஷத்தை எப்படி உடைப்பது? முதுகுக்குத்தானே ஸ்கேன், தலைக்கு இல்லையே என்று அக்கா தன்னையே தேற்றிக்கொண்டாள்.

“அவர் சொன்னதுதான்” என்றாள்.

10:36. உடை மாற்றும் அறை. பெரிய அறை இல்லை. எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள், ஒரு சுவர்க் கடிகாரம், பூட்டு வைத்த நாலு பெட்டிகள். கதவைத் திறந்தாலும் மூடினாலும் ‘க்ரீச்’ என்று கத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஸ்கேன் அறை. அங்கிருந்து ஒரு சத்தம் விடாமல் வந்தது.

டுக்... டுக்... டுக்...

“அது என்னங்க சத்தம்?” என்று வரும் வழியிலேயே டெக்னீஷியனிடம் கேட்டிருந்தாள்.

“காந்தத்தைக் குளிர வைக்கிற பம்பும்மா. ராத்திரி பகல் எப்பவும் நிக்காது. ஸ்கேன் எடுக்காதப்பவும் காந்தம் முழிச்சிட்டுத்தான் இருக்கும்.”

வளையலைக் கழற்றினாள். தோடு, சங்கிலி, மோதிரம், கொண்டை ஊசி மூன்று. எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அவர்கள் கொடுத்த நீல அங்கியைப் போட்டாள். பின்பக்கம் கட்டுவதற்குக் கழுத்தில் ஒரு பக்கம்தான் நாடா இருந்தது. இன்னொரு பக்கம் அறுந்துபோய் வெறும் நூல் தொங்கியது.

கையைப் பின்னால் கொடுத்துத் தடவிக்கொண்டிருந்தபோது, ஏதோ சரியில்லை என்று தோன்றியது.

அமைதி.

டுக் டுக் சத்தம் இல்லை.

“முதுகா?”

எதிர் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அக்காவின் வயதுதான் இருக்கும். வெள்ளை அங்கி, அதில் பச்சை இலைகள். முடி ஒரு பக்கமாக விழுந்து முகத்தில் பாதியை மறைத்திருந்தது. எப்போது வந்தாள்? கதவு கத்தவில்லையே... எனக்கு முன்னாலேயே இருந்திருப்பாள், நான்தான் கவனிக்கவில்லை என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

“ஆமாங்க, முதுகு. உங்களுக்கு?”

“எனக்கும் முதுகுதான்.”

அவள் காலில் செருப்பில்லை. எல்லாருக்கும் ரப்பர் செருப்பு கொடுத்திருந்தார்கள். அந்த விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன.

“ஃபார்ம் யாரு எழுதினது?”

“அவர்தான்.”

“என்னோடதும் அவர்தான்.” அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். “கையெழுத்து அழகா இருக்கும். ஏழு ‘இல்லை’. ஏழும் ஒரே அளவு.”

கடிகாரம் 10:43. அக்கா கதவைப் பார்த்தாள். டெக்னீஷியன் கூப்பிட்டால் தேவலை என்றிருந்தது.

“தலையைப் பத்திக் கேட்டாங்களா?”

இந்த உலகத்தில் அவளுடைய தலையைப் பற்றித் தெரிந்தவர்கள் அன்றுவரை அவளைப் பெற்றவர்கள் மட்டும்தான், எனக்கே தெரியாது.

“என்ன... என்ன கேக்கறீங்க?”

“முதுகுக்குத்தானேன்னு நானும் நினைச்சேன்.” அந்தப் பெண்ணின் கை மெதுவாக எழுந்தது. வலது காதுக்கு மேலே போய் நின்றது. சரியாக அதே இடம். “உள்ள போகும்போது தலைதான் முதல்ல போகும்.”

அக்காவால் நகர முடியவில்லை.

“நாடா இல்லையா? திரும்புங்க. கட்டி விடறேன்.”

ஏன் திரும்பினாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை. ‘டர்ர்...’ என்று துணி கிழியும் சத்தம். பிறகு கழுத்தில் விரல்கள். ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து எடுத்த மாதிரி விரல்கள். ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொன்று. இன்னொன்று.

காதுக்கு மிக அருகில் குரல் வந்தது. மூச்சுக் காற்று வரவில்லை.

“கூப்பிடும்போது சொல்லிடு.”

டுக்... டுக்... டுக்...

திரும்பினாள்.

எதிர் பெஞ்சு காலி.

க்ரீச். “வாங்கம்மா, ரெடியா?” டெக்னீஷியன் நின்றார். மணி 10:47.

“இங்க... இன்னொருத்தங்க இருந்தாங்களே?”

“இந்த நேரத்துக்கு நீங்க ஒருத்தர்தாம்மா. பயப்படாதீங்க. நிறையப் பேருக்கு இப்படிப் படபடன்னு வரும்.”

ஸ்கேன் அறைக்கதவு ஒரு சாண் தடிமன் இருந்தது. கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தின் கோடியில் அத்தான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கதவு திறந்தது. நடுவில் வெள்ளையாக அந்தக் கருவி. அதன் நடுவில் ஓட்டை.

“உள்ள சத்தம் பலமா இருக்கும், காதுக்கு அடைப்பு தருவேன். கையில ஒரு ரப்பர் பந்து இருக்கும். முடியலைன்னா அமுக்குங்க, உடனே வந்துடுவேன். கருவிகிட்டப் போறதுக்கு முன்னாடி கடைசியா கேக்கறேன், வேற ஏதாவது சொல்லணுமா?”

அக்கா வாயைத் திறந்தாள்.



பெரியம்மாவின் விரல் தழும்பின் மேல் ஊர்ந்தது மாதிரி இருந்தது. சொன்னால் வெளியே நிற்பவர் என்ன ஆவார்? என்னை என்னவென்று நினைப்பார்? தலையை மட்டும் ‘இல்லை’ என்று ஆட்டினாள்.

“சரி, உள்ள வாங்க.”

ஒரு அடி வைத்தாள்.

கழுத்தில் முடிச்சு இறுகியது.

யாரோ பின்னாலிருந்து நாடாவைப் பிடித்து இழுக்கிறார்கள். திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. இன்னும் இறுகியது. மூச்சு முட்டியது.

பம்பு சத்தம் நின்றது.

டெக்னீஷியன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. போர்வையை விரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

காலியாக இல்லை.

உள்ளே...

இரண்டு பாதங்கள்.

செருப்பில்லாமல்.

நுனி விரல்கள் நீலமாக.

“என் தலையில கிளிப் இருக்கு.”

மணி 10:52.

அந்தக் கண்ணாடிக்காரர் அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே கழன்றது. கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சுவருக்குப் பின்னால் பம்பு ஓடிக்கொண்டிருந்தது, நிற்காதது மாதிரி.

அத்தான் ஓடி வந்தார். “என்னாச்சு? என்ன கிளிப்? முடியில போடற கிளிப்பா?”

“இல்லைங்க. உள்ள. பன்னிரண்டு வயசுல போட்டது.”

ஸ்கேன் டாக்டரம்மாவின் அறையில் உட்கார வைத்தார்கள். அறுபது வயதிருக்கும். திட்டவில்லை, அதுவே அக்காவுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

“எந்த இடத்துக்கு ஸ்கேன்னாலும் காந்தம் உடம்பு முழுக்கத்தாம்மா இழுக்கும். அந்த அறைக்குள்ள போனாலே இழுக்கும். இப்ப வைக்கிற கிளிப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. பழசு அப்படி இல்லை, உள்ளேயே திரும்பிடலாம். எந்தக் கம்பெனி, எந்த வகைன்னு ஆபரேஷன் பேப்பர் பார்க்காம யாரும் உன்னை உள்ள விடக்கூடாது. முதுகுக்கு சி.டி. எடுத்துப் பார்க்கலாம். அது எக்ஸ்ரே மாதிரி, காந்தம் கிடையாது.”

அக்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டு திணறுவதைப் பார்த்து, அத்தான் முடிச்சை அவிழ்க்க எழுந்து பின்னால் போனார். முடியை ஒதுக்கினார். அவர் கை நின்றுவிட்டது. தழும்பை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

“என்கிட்டகூடச் சொல்லலையே...”

“நீங்க கேட்கவே இல்லையேங்க.”

முடிச்சை அவிழ்க்க அவருக்கு நாலு நிமிஷம் ஆனது. நாடா கையோடு வந்தது. அதைப் பார்த்ததும் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார்.

“இது எங்கே இருந்தது?”

அக்கா சொன்னாள். இலை போட்ட அங்கி, ஒரு பக்கம் விழுந்த முடி, எல்லாம். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அந்தத் துணியை நாங்க நிறுத்தி எட்டு வருஷம் ஆச்சு. அதைக் கடைசியாப் போட்டிருந்தது ஒரு பொண்ணு. முதுகு ஸ்கேனுக்குத்தான் வந்தா. அவ வீட்டுக்காரர் ஏழு கேள்விக்கும் ‘இல்லை’ன்னு எழுதியிருந்தார். தலையில கிளிப் இருந்தது அவருக்கும் தெரியாது. அவ... வீட்டுக்குப் போகலை.”

டாக்டரம்மா நாடாவைத் தொடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ உடம்புல இருந்த ஒவ்வொண்ணையும் போலீஸ்ல எழுதினாங்க. அங்கியில ஒரு நாடா கிழிஞ்சிருந்தது. துண்டு மட்டும் எங்கேயும் இல்லை. அறை முழுக்கத் தேடினோம். கருவிக்குள்ளயும் தேடினோம். எட்டு வருஷமா கிடைக்கலை.”

சுவருக்குப் பின்னால் டுக்... டுக்...

கதவைத் தட்டிக்கொண்டு டெக்னீஷியன் வந்தார். சி.டி.க்கான படிவத்தை மேஜை மேல் வைத்தார். இதிலும் கேள்விகள். கர்ப்பமாக இருக்கிறீர்களா, ஊசி மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா...

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை... பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, முதல் கட்டத்தின் மேல் வைத்தார்.

பம்பு சத்தம் நின்றது.

இந்த முறை டாக்டரம்மாவும் தலையை உயர்த்தினார். டெக்னீஷியன் சுவரைப் பார்த்தார். அறை முழுக்கச் சில்லிட்டது. மேஜை மேல் கிடந்த நாடாவின் ஒரு நுனி, காற்றே இல்லாத அறையில், மெதுவாக அக்காவின் பக்கம் திரும்பியது.

அக்கா கையை நீட்டினாள்.

“ஏங்க... அந்தப் பேனாவை என்கிட்ட குடுங்க.”