இடுப்போடு நின்ற கதை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவன் நான். எந்த ர, எந்த ற என்று இன்னும் எனக்குத் தடுமாற்றம்தான். தப்பாக இருந்தால் படிக்கிறவர்களே திருத்திக்கொள்ளுங்கள்.

தென்காசியில் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் கதை சொல்லப் பழக்குகிற வகுப்பு நடக்கிறது. பிள்ளைகளோடு பெற்றோரும் வரலாம் என்றதும் மகள் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று வாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒப்பேற்றினேன். நாலாவது வாரம் டீச்சர், ஆளுக்கு ஒரு கதை எழுந்து நின்று சொல்ல வேண்டும், சொந்த வாழ்க்கையில் நடந்ததாக இருந்தாலும் சரி என்றார். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். இருமல்தான் வந்தது. "எழுதிக் கொண்டாரேன் டீச்சர்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மகள் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கூச்சம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் சீசன் மூன்று மாதமும் குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை பார்த்தார். மற்ற மாதங்களில் இலஞ்சியில் வயல் வேலை. அப்பாவுக்கு நல்ல கை. ஆனால் அந்த வேலைக்குக் கை மட்டும் போதாது. துண்டைக் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவனிடம் உடம்பைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பலகையில் குப்புறக் கிடக்கிறவருக்குக் காதுக்கும் ஏதாவது வேண்டியிருக்கிறது. அப்பா வாயே திறக்க மாட்டார். "வலிக்கா?" என்று ஒரு தடவை கேட்பார். அத்தோடு சரி.

பத்தடி தள்ளி மாமாவின் பலகை. அம்மாவின் தம்பி. கை சுமார்தான், வாய் ஓயாது. அவர் கதையைக் கேட்டபடி எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆட்கள் சாரலில் நனைந்துகொண்டு நிற்பார்கள். அப்பாவின் பலகையில் குரங்கு உட்கார்ந்திருக்கும்.

அந்த வருஷம் ஆனியில் நல்ல சாரல், நல்ல கூட்டம். அப்படியும் அப்பாவிடம் ஆள் வரவில்லை. புனலூரில் ஒரு மர ஆலைக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரி வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனார். ஆடி பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், அப்பா பெட்டியோடு தயாராக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். போனால் பொங்கலுக்குத்தான் ஊருக்கு வர முடியும். எனக்கு அப்போது பத்து வயது.

அம்மா மாமாவைக் கூப்பிட்டுவிட்டாள். "நீ பேசுத பேச்சுல கால்வாசிய ஒங்க அத்தானுக்குச் சொல்லிக் குடுலே" என்றாள்.

மறுநாள் மத்தியானமே எங்கள் முற்றத்தில் பள்ளிக்கூடம் தொடங்கியது. வாத்தியார் மாமா, மாணவர் அப்பா. பலகையில் குப்புறக் கிடந்த வாடிக்கையாளர் நான். மாமா எடுத்துக்கொண்டது தலைவலிக் கதை. கடையத்துக்காரர் ஒருவருக்குத் தீராத தலைவலி. வைத்தியர் எண்ணெய் தேய்க்கத் தேய்க்க, வலி கழுத்துக்கு இறங்கும். அங்கிருந்து தோளுக்கு ஓடும். தோளில் துரத்தினால் இடுப்பில் போய் ஒளிந்துகொள்ளும். கடைசியில் கால் கட்டைவிரல் வழியாக வெளியே வந்து, தேய்த்துக்கொண்டிருந்த வைத்தியரின் கையிலேயே ஏறிக்கொள்ளும்.

"அத்தான், கதைய மண்டையில வச்சா மறந்துரும். கையில வைங்க" என்றார் மாமா. கை எங்கே இருக்கிறதோ அங்கே கதையும் இருக்க வேண்டும். இதுதான் அவருடைய பாடம்.

அப்பா அதை ஒழுங்காகத்தான் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டார். "எங்க, இடுப்புல இருந்து சொல்லுங்க பாப்போம்" என்று மாமா சோதித்தால், அப்பாவுக்கு நடுவிலிருந்து வராது. பிறகு மறுபடியும் என் தலையில் எண்ணெய் வைத்து, "கடையத்துல ஒரு ஆளு" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். உள்ளங்காலுக்கு வரும்போது எனக்குக் கூச்சம் தாங்காது. உதறுவேன், கிண்ணம் கவிழும். "எண்ணெய் என்ன ஆத்துலயா ஓடுது?" என்பாள் அம்மா. ஒரு வாரத்தில் என் தலைமுடியிலிருந்து எண்ணெய் சொட்டியது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் இடம் மாறி உட்கார்ந்தான்.

அருவிக் கரையில் அது கொஞ்சம்தான் உதவியது. தலை, கழுத்து என்று வரிசையாகக் கிடைத்தால் அப்பா சொல்லிவிடுவார். "காலு மட்டும் போதும் அண்ணாச்சி" என்று யாராவது சொல்லிவிட்டால் பழையபடி ஊமைதான்.

மேஸ்திரி வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, அப்பாவுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனேன். மாமாவின் பலகையில் மதுரைக்காரர் ஒருவர் கிடந்தார். கூட வந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். மாமா ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கிட்டே போனதும் என் காது சுட்டது. கடையத்து ஆளின் தலைவலிக் கதை. அப்பாவுக்கு என்று கொடுத்த ஒரே கதை. அதையும் இவர் கையை ஆட்டி, குரலை மாற்றி, கூட்டமே சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வலி இடுப்பில் போய் ஒளிந்தது. மாமா அத்தோடு நிறுத்தி, மதுரைக்காரர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்புறம் என்னண்ணே ஆச்சு?"

"எனக்கு இவ்வளவுதான்யா தெரியும்" என்றார் மாமா.

பச்சைப் பொய். எங்கள் முற்றத்தில் முழுக் கதையையும் சொன்னவர் அவர். சொல்லிவிட்டுத் தாடையை அப்பா இருந்த பக்கம் ஆட்டினார். மூன்று பேரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கேலி செய்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கிடந்தவர் எழுந்துகொள்ள, மூவரும் அப்பாவின் பலகைப் பக்கம் நடந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, தூக்குவாளியோடு குறுக்கே போய் நின்று கத்தினேன்: "வலி வைத்தியர் கையில ஏறிரும். அவ்வளவுதான் கதை."

மூவரும் சிரித்துவிட்டார்கள். "அட, இம்புட்டுத்தானா" என்று ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிப் பக்கம் திரும்பினார். மற்ற இருவரும் அவர் பின்னாலேயே திரும்பினார்கள். மாமா என்னைப் பார்த்து, "ஏலே, கெடுத்தியே" என்று மெல்லச் சொன்னார். திருட்டு பிடிபட்டதால் சொல்கிறார் என்று எனக்குள் ஒரே பெருமை.

அப்பா அவர்களை எதிர்பார்த்து உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிவைத்திருந்தார். அது விரலிடுக்கு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"அது முடிவு இல்லய்யா" என்றார் அப்பா.

அருவிச் சத்தத்தில் அது கேட்டதே அதிசயம். கடைசியாகப் போனவர் நின்றார். மற்ற இருவரும் திரும்பி வந்தார்கள்.

"சின்னப்பய அதுக்குள்ள தூங்கிட்டான். வைத்தியர் கையில ஏறுன வலி சும்மா இருக்குமா?"

"அப்ப என்னண்ணே செஞ்சாரு வைத்தியர்?"

அப்பா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உக்காருங்க, சொல்லுதேன்" என்றார். முதல்முறையாகக் காலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். வைத்தியர் அன்று முதல் யாருக்கும் கும்பிடு போடவில்லை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். வலி இலஞ்சி வாத்தியாருக்குப் போய், வாத்தியாரிடமிருந்து தேங்காய் வியாபாரிக்குப் போய், கடையநல்லூர்க்காரர் ஒருவர் கையோடு விமானம் ஏறித் துபாய்க்கே போனது. அங்கே பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, "இது என்ன?" என்று அவர் கையைத் தொட்டுவிட்டார். அப்பாவின் குரல் சின்னது. அதனால் மூன்று பேரும் அவர் முகத்துக்குக் கிட்டே குனிந்து கேட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் குனிந்தார்கள்.

மறுநாள் மேஸ்திரி வந்தபோது அப்பா வீட்டில் இல்லை. "அவுகளுக்கு இங்கனயே வேலை இருக்கு" என்று அம்மா காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மாமா மீது எனக்குக் கோபம் போகவில்லை. அப்பாவுக்குப் பாதிக் கதையை மட்டும் சொல்லிக்கொடுத்து, துபாய்ப் பகுதியை ஒளித்துவைத்திருந்தார் என்றே நம்பினேன். வளர்ந்த பிறகும் அவரிடம் அளந்துதான் பேசினேன். இதை எழுத உட்கார்ந்தபோதுதான், அந்த மிச்சக் கதையை மாமா ஏன் மறைத்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மிச்சம் ஏதுலே? அது ஒங்கப்பா அன்னைக்கு அங்கன நின்னு உண்டாக்குனது. ஒங்க மாமா பாவம், அந்த சீசன் பூரா வந்தவுக எல்லார்ட்டயும் இடுப்போட நிறுத்திட்டு, மிச்சத்துக்கு அத்தான்ட்டப் போங்கன்னு அனுப்பிவிட்டான். பொழுது சாய இங்கன வந்து, மிச்சத்த என்கிட்டச் சொல்லித் தீத்துட்டுத்தான் சோத்துல கைய வைப்பான்."

கதை சொல்லியே வாழ்ந்த மனிதர், சிரிப்பும் கைதட்டலும் கிடைக்கிற அந்தக் கடைசி வரியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, அதை வாங்கிக்கொள்ள ஆட்களைப் பத்தடி தள்ளி அனுப்பிக்கொண்டிருந்தார். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தூக்குவாளியோடு நின்ற எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஆவணி மாதம் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதி முடித்தேன்.