துறைக்கு வந்த முதலை

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் நாங்கள், காலையில் முதல் சவாரிக்கு முன் துறையில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டுத்தான் துடுப்பைத் தொடுவோம். சாமி கும்பிட மறந்த நாளுண்டு, இதை மறந்த நாள் கிடையாது. போன கோடையில் ஒரு நாள் அந்தத் தண்ணீரில் மல்லிகைப்பூ வாசனை அடித்தது. வாயில் வழவழவென்று ஏதோ ஒட்டியது. ஷாம்பு!

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். யாரிடம் காட்டுவது என்பதில்தான் சிக்கல். எண்ணெய் மசாஜ் செய்துகொண்டவர்கள் குளிப்பதற்கென்றே மேட்டில் குழாய்கள் இருக்கின்றன. அந்த அழுக்குத் தண்ணீர் தனியாகக் குழிக்குப் போய்விடும். ஆனால் கூட்டம் நேராகத் துறையில் வந்துதான் விழும். அவர்களுக்கு ஷாம்பு விற்பது யார் என்றால், என் மனைவி. கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பாள்.

"இதையெல்லாம் கழட்டு. ஆத்துத் தண்ணிய வாயில வைக்க முடியல" என்றேன்.

"நான் கழட்டுனா பக்கத்துக் கடையில வாங்குவாங்க. தர்மபுரி வளருது, கூட்டம் வருது, குளிக்குது. நீங்க வூட்டுல இருந்து பாட்டில்ல தண்ணி எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

பரிசல்காரன் ஆற்றுக்குத் தண்ணீர் பாட்டிலோடு போவதா? தர்மபுரிக்கே குழாயில் போவது இந்தக் காவிரிதான். குடிக்கிற தண்ணீரிலேயே தலை அலசாதீர்கள் என்று வருகிறவர்களிடம் கெஞ்சிப் பார்த்தோம். பலகை எழுதி நட்டோம். அதன்மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டார்கள்.

அப்போதுதான் பரிசல்காரர்கள் நாலைந்து பேர் டீக்கடையில் கூடி அந்த மகத்தான யோசனையைக் கண்டுபிடித்தோம். காவிரியில் முதலை உண்டு. எங்கோ மேலே, பாறைகளுக்குப் பின்னால் தன்பாட்டுக்குக் கிடக்கும். அதில் ஒன்றை வாயாலேயே துறைக்கு இழுத்து வந்தோம்.

"காலையில இங்கதாங்க பார்த்தேன். வாலு மட்டுமே இந்தத் துடுப்பு நீளம் இருக்குமுங்க" என்று நான் அளந்துவிட்டேன். குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் நுரையோடு மேடேறி ஓடினார்கள்.

முதலை நன்றாகவே வேலை செய்தது. சில நாட்களில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. ஆனால் பரிசலிலும் ஒருவர் ஏறவில்லை. முதலை இருக்கும் ஆற்றில் கூடைக்குள் உட்கார்ந்து போக யார் வருவார்? இந்தச் சின்ன விஷயம் எங்களில் ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை. வந்தவர்கள் தூரத்தில் நின்று பாறைகளையெல்லாம் முதலை என்று போட்டோ எடுத்தார்கள்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். உண்மையைச் சொன்னால் மறுபடியும் நுரை. சொல்லாவிட்டால் அடுப்பு எரியாது.

சும்மா கிடந்த பரிசலில் ஒரு நாள் அவளையே ஏற்றினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அதில் ஏறியதே இல்லை. எனக்குச் சோறு கொண்டுவருவாள், கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடிவிடுவாள். நடு ஆற்றில் குனிந்து பார்த்தாள். அடியில் கூழாங்கற்கள் தெரிந்தன. மீன்கள் கூட்டமாகப் பரிசலின் நிழலுக்குள் வந்து நின்றன.

"இத்தினி மீனா கீழ இருந்துச்சு?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் தெறித்ததுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், கடையை மேட்டுக் குழாயடிக்கு மாற்றியிருந்தாள். ஷாம்பு சரத்தையும் சேர்த்துத்தான், விடுவாளா! தர்மபுரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் தயங்கித் தயங்கி, துறையில் முதலை இருக்கிறதாமே என்று கேட்டது. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இருக்குதுங்க. ஆனா பரிசல்ல போறவங்கள ஒண்ணும் பண்ணாதுங்க. ஷாம்பு வாசம் தண்ணியில பட்டாத்தான் அதுக்கு ஆகாது. நீங்க நல்லபடியா சவாரி போயிட்டு வந்து, இங்க குழாயில தலைக்கு ஊத்திக்கங்க."

இதைச் சொல்லும்போது அவள் கண்கூட இமைக்கவில்லை. நான் அளந்ததெல்லாம் இதன் முன்னால் எம்மாத்திரம்!

அவர்கள் நேராக வந்து என் பரிசலில் ஏறினார்கள். துறையை விட்டு நகர்ந்ததும் குடும்பத் தலைவர் மெல்லத் தன் தலையை மனைவி பக்கம் நீட்டினார்.

"நேத்து போட்டது இன்னும் வாசம் வருதா பாரு" என்றார்.