பட்டி படாத மூக்கு

என் காரின் இடது கதவு பாதி இரும்பு, பாதி பிராங்க்ளின். லாரி உரசி அமுங்கிய கதவின் பள்ளத்தைப் பட்டிப் பசையால் நிரப்பித் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தவர் அவர்தான். எங்கே இடிபட்டது என்று என் மனைவியால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு சாலையில் முப்பது வருடமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். ஊரில் அவருக்கு 'பட்டி பிராங்க்ளின்' என்றுதான் பெயர். அதில் பாராட்டும் உண்டு, கிண்டலும் உண்டு.

போன வருடம் அவரைத் தேடி அறிவுச்செல்வி வந்தார். பாலிடெக்னிக் ஆசிரியை. கன்னிவாடியில் தன் அப்பாவின் வெங்காயக் குடோனில் நாலு வருடமாக ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருப்பவர். மற்ற தகடுகளை அவரே வளைத்துவிட்டார். இன்ஜினை மூடும் மூக்கு மட்டும் பூசணிக்காய் மாதிரி எல்லாப் பக்கமும் வளைய வேண்டும். அலுமினியத் தகட்டையும் மர அச்சையும் இறக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"பட்டி மட்டும் வேணாம்ணே. விரிசல் விட்டா கண்ணுக்குத் தெரியணும். மேல போனப்புறம் பிஞ்சு வந்து கண்ணாடியில அடிச்சா நான் அம்புட்டுதான்."

"பட்டி இல்லாம நான் என்னத்த மேடம் பண்ண" என்று சிரித்தாராம் பிராங்க்ளின். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் உருகிவிடும். அதனால் தகட்டில் துணி சோப்பால் கோடு இழுத்து, தீ காட்டி, கோடு கருத்ததும் நிறுத்த வேண்டும். அப்போது தகடு இளகும். மணல் மூட்டைமேல் வைத்துக் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் தட்டத் தட்ட மறுபடி இறுகும். மறுபடி சோப்பு, மறுபடி தீ. மூன்று நாள் மனிதர் இதையே செய்தார். நாலாம் நாள், முடிக்கும் அவசரத்தில் ஒரு முறை தீ காட்டாமலே தட்டினார். ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டது.

இருந்தது அந்த ஒரு தகடுதான். பழக்கதோஷம், கை தானாகப் பட்டி டப்பாவுக்குப் போனது. பூசித் தேய்த்து, முழுவதும் ப்ரைமரும் அடித்துவிட்டார். அறிவுச்செல்வி தடவிப் பார்த்து, "கண்ணாடி கணக்கா இருக்குண்ணே" என்று சந்தோஷமாக எடுத்துப் போனார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். இரண்டு நாள் பிராங்க்ளினுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்று மாதா கோயில் வாசல்வரை போனார். பறக்கப்போவது சாமியார் இல்லையே என்று தோன்ற, பூசையை விட்டுவிட்டுக் கன்னிவாடி பஸ் ஏறினார். இதை எனக்குச் சொன்னவரும் அவரேதான். எத்தனை பேருக்கு இந்தத் தைரியம் வரும்? எனக்கு வராது.

"மேடம், மூக்குல விரிசல் இருக்கு. பட்டி வச்சு மறைச்சுட்டேன்."

அறிவுச்செல்வி மூக்கை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு, "எந்த எடம்ணே?" என்றார்.

பிராங்க்ளின் தேடினார். செய்தவருக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. வெட்கத்தில் வேர்த்து, ஓரம் முழுக்கச் சுரண்டித்தான் காட்டினார்.

"இனிமே இந்தப் பக்கமே வராதன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுதேன் வந்தேன் மேடம்."

"நீங்க சொல்லலேன்னா இத மாட்டியிருப்பேன்" என்றார் அறிவுச்செல்வி. கோபமாக மூக்கை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அடுத்த தகட்டையும் நீங்கதாண்ணே அடிக்கணும்."

புதுத் தகடு வர ஒரு மாதம் ஆனது. இந்த முறை ஒன்பது நாள் தட்டினார். ஒரு முறைகூடத் தீ காட்டத் தவறவில்லை. விமானத்துக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்தபோது, "மூக்குக்கு மட்டும் பெயிண்ட் வேணாம் மேடம். அப்படியே இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார்.

போன மாதம் பிராங்க்ளினோடு நானும் போய்ப் பார்த்தேன். பறக்க அனுமதி இன்னும் வரவில்லை. வெள்ளை விமானம் வெறும் அலுமினிய மூக்கோடு குடோனில் நிற்கிறது. என் புத்தி எங்கே போகும்? ஓரமெல்லாம் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். பிராங்க்ளின் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தேடுங்க சார். நல்லாத் தேடுங்க" என்றார்.