ஏகாம்பரம் அண்ணாவின் வேர்க்குரு

கூச்சப்பட வைக்கும் வியாதி எதுவானாலும், மருந்துக்கடைக்கு வருகிறவருக்கு அது இருக்கவே இருக்காது. வேறு யாருக்கோதான் இருக்கும். பெண் ஒருத்தி கவுண்டரில் நின்றால் கேட்கவே வேண்டாம். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் மருந்துக்கடை கவுண்டரில் பதினாறு வருஷமாக நிற்கிறேன். என்னைப் போல நின்று கால் வீங்கியவர்களுக்கு இதெல்லாம் புரியும்.

எல்லாருக்கும் வழி விட்டவர்

ஏகாம்பரம் அண்ணா கம்பெனி பஸ் டிரைவர். அறுபதை நெருங்கியவர். அன்று கடையில் இருந்த எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டு, கடைசியில் மெல்லக் கேட்டார். அடிக்கடி ஒன்றுக்கு வருகிறதாம், நிறுத்த மாத்திரை வேண்டுமாம். சர்க்கரை இருக்கிறதா பாருங்கள் என்றேன். பார்த்தார், இல்லை. நானும் அத்தோடு விட்டுவிட்டேன்; டாக்டரிடம் போங்கள் என்று சொல்லவில்லை. “தண்ணி கம்மியா குடிங்கண்ணா” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“வண்டி நெறைய பொண்ணுங்க உக்காந்துகினு இருக்கறப்போ, நான் எங்கம்மா ஓரங்கட்டுவேன்?”

அம்மாவுக்கு

சில மாதம் கழித்து கம்பெனி மெடிக்கல் செக்கப்பில்தான் விஷயம் வெளியே வந்தது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். சென்னையில் ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்துவிட்டார்கள். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. ஒருநாள் வந்து, “அம்மாவுக்கு டயப்பர் வேணும்” என்றார். அளவு கேட்டேன். “என் சைஸு தாம்மா” என்று சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த தடவை அவர் மனைவி மல்லிகா வந்தார். “மாமியார் எப்படி இருக்காங்க?” என்று அக்கறையாகக் கேட்டுத் தொலைத்தேன்.

“அவங்க போயி பத்து வருஷம் ஆவுது. ஆபரேஷன் பண்ணதுல இவருக்குத்தான் நிக்காம போவுது. நான் சொன்னேன்னு அவராண்ட காட்டிக்காதம்மா.”

வேர்க்குரு

மெல்ல அது சரியாகி, மறுபடி பஸ் ஓட்டினார். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம் இருக்கும். மதிய ஷிப்ட் மாறும் நேரம், கடை முழுக்க யூனிபார்ம். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, “இடுப்பாண்ட வேர்க்குரும்மா, நெருப்பா எரியுது” என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் காலமைன் லோஷனை நீட்டினேன். ஒரு பக்கம் மட்டும்தானா, கொப்புளமாக இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது அக்கி என்று எனக்கே தெரிந்திருக்கும்.

லோஷனில் அடங்காமல் காவி பூசி அக்கி எழுதிப் பார்த்திருக்கிறார்கள். ஆறாம் நாள் வலி தாங்காமல் எங்கள் கடைக்குப் பக்கத்து கிளினிக்குக்கு வந்தார்கள். ஆபரேஷனால்தான் வந்ததா என்று மல்லிகா அழுதார். நானும் கூட இருந்தேன். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்:

“அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. வயசு, வியாதி, பெரிய ஆபரேஷன், எல்லாம் சேர்ந்து எதிர்ப்பு சக்தி கொறைஞ்சா, எப்பவோ வந்த அம்மைக் கிருமி மறுபடி தலைதூக்கும். மொத மூணு நாள்ல வந்திருந்தா மாத்திரை நல்லா கேட்டிருக்கும்.”

சட்டை

கொப்புளம் ஆறிவிட்டது. வலி போகவில்லை. சீட் பெல்ட் உரசினாலே துடித்துப்போகிறார். வேலையை விட்டுவிட்டார். வலி மாத்திரை வாங்க வரும்போது, சட்டை உடம்பில் படாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். அக்கி வராமலிருக்கத் தடுப்பூசி இருப்பது எனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து அத்தனை தடவை வந்தவரிடம், டாக்டரைக் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வாரம் மனசு கேட்காமல், “அண்ணா, அன்னிக்கே நான் பாத்திருக்கணும்” என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“நீ இன்னாம்மா பண்ணுவ? பொம்பளப் புள்ள எதிர்ல சட்டையத் தூக்க எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு.”

எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவேன் என்று பெயர் வாங்கிய எனக்கு, எதிரில் நின்ற முகத்தை மட்டும் படிக்க வரவில்லை.