வண்டிக்குச் சவரம்

சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. கடைக்கு விடுமுறை என்றால் வீட்டுக்குக் கெட்ட காலம். போன மாதம் ஜன்னல் திரையின் ஓரத்தை நேராக்குகிறேன் என்று கத்தரியை எடுத்தார்; இப்போது அது பாதி ஜன்னலைத்தான் மறைக்கிறது. பிக்கப் வண்டி ஓட்டிச் சம்பாதிக்கிற அவர் மனைவி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அன்று அவர் கை வைத்தது அவளுடைய வண்டியில்.

அதுவும் எந்த நாளில்? பேக்கரி முதலாளி வண்டியைப் பார்க்கக் கொண்டுவரச் சொன்ன நாளில். அவருக்குப் பிடித்துவிட்டால் தினமும் காலையில் ரொட்டி ஏற்றும் வேலை நிரந்தரம். ஸ்டாண்டில் வெயிலில் காய்ந்துகொண்டு, சவாரி வருமா வராதா என்று வழியைப் பார்க்க வேண்டாம். இதற்காக அவள் நடையாய் நடந்தது சலூன்காரருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

அவள் குளித்துவிட்டு வருவதற்குள், வண்டியின் முகத்தில் கம்பெனியிலேயே மாட்டி வந்த குரோம் பட்டையைக் காணோம். அதெல்லாம் பழைய மோஸ்தர், மொழுமொழுவென்று இருந்தால்தான் லட்சணம் என்று கடைக்கு வந்த எவனோ ஓதிவிட்டுப் போயிருக்கிறான். நம்மவர் நுனியை மட்டும்தான் எடுக்க நினைத்தார். இடப்பக்கம் நெம்பியதில் கிளிப் உடைந்து கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது. சரி, வலப்பக்கமும் அதே அளவு. அது ஒரு விரற்கடை மிஞ்ச, மறுபடி இடப்பக்கம். நாள் முழுக்கக் கிருதாவைச் சமன் செய்கிற கண் வேறென்ன செய்யும்? கடைசியில் கிரில்லைச் சுற்றிய சட்டமும் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் வரிசையாக ஓட்டையும் வருடக்கணக்கான அழுக்கும்.

"ஏங்க, உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா?"

"முதலாளி பாக்கப்போற வண்டி, கொஞ்சம் எடுப்பா இருக்கட்டுமேன்னுதான்..." என்று இழுத்தார்.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. திரும்ப மாட்ட ஒரு கிளிப்பும் உருப்படியாக இல்லை. அப்படியே வண்டியைக் கிளப்பி, வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தாள்.

பேக்கரி முதலாளி பின்பக்கப் பெட்டியைப் பார்த்தார், டயரைத் தட்டினார், திருப்திதான். முன்னால் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரொட்டிதானே ஏற்றப்போகிறோம், ஓடினால் போதும், நாளையிலிருந்து வந்துவிடு என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனுஷன் அத்தோடு விட்டிருக்கலாம். வேலையாட்கள் பக்கம் திரும்பிக் கண்ணடித்துவிட்டு, "ஆமா, இந்த வேலையப் பண்ணின கூமுட்டை யாரும்மா?" என்று கேட்டார்.

காலையிலிருந்து அவளே அதைவிட மோசமாகத்தான் திட்டியிருந்தாள். இருந்தாலும் வேலையாட்கள் சிரித்த சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"என் வீட்டுக்காரர்தான். அவரத் திட்ட நான் இருக்கேன். நீங்க யாரு?"

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. சொல்லி அனுப்புகிறேன் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஸ்டாண்டில் நிற்கிறவளுக்குத் தெரியாதா?

வீட்டில் சலூன்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வேலை இல்லை என்றதும், தன்னால்தானா என்று மெல்லக் கேட்டார்.

"வண்டியால இல்ல. நான்தான் வாயக் குடுத்துக் கெடுத்துக்கிட்டேன்."

என்ன பேசினாள் என்று அவள் சொல்லவில்லை. அவருக்கோ அப்பாடா என்று ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார்: "எத்தனை தடவ சொல்லியிருக்கேன், கொஞ்சம் வாயக் குறைன்னு. கேட்டாத்தானே?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, சோறு போட எழுந்து போனாள்.