மூன்றாம் ஓலைக்கு முந்தைய ஆட்டம்

ஆண்டை உறுதியாகச் சொல்லத் துணியமாட்டேன். அந்த ஆண்டு நாட்குறிப்பின் அட்டையையும் முதல் சில தாள்களையும் கரையான் தின்றுவிட்டது. எழுபதுகளின் நடுப்பகுதி என்பது நிச்சயம். கிழமையில் சந்தேகமே இல்லை: பெரிய மாதா கோவில் திருவிழாக் கொடி இறங்கியபின் வந்த இரண்டாம் சனிக்கிழமை, மாலை நான்கு மணி.

துறைமுக எழுத்தர்களின் கிளப்புக்கும் திரேஸ்புரம் கிளப்புக்கும் கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் தீராத பகை உண்டு. சரக்குக் கப்பல் ஒன்றின் மாலுமிகள் இரண்டு மட்டைகள், நான்கு கையுறைகள், ஒரு பந்து, ஒரு விதிப்புத்தகம் ஆகியவற்றைக் கரையில் விட்டுப் போனதும் பேஸ்பாலிலும் மோதிப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. புத்தகத்தை முழுவதும் படித்திருந்தவன் நான் மட்டுமே. எந்தக் கிளப்பிலும் இல்லாதவன் என்பதால் நடுவர் வேலை என் தலையில் விழுந்தது.

என்னை யாருக்கும் சார்பில்லாதவன் என்று சொல்லவும் முடியாது. திரேஸ்புரத்தின் முதன்மை ஆட்டக்காரர் விசைப்படகில் எஞ்சின் டிரைவர். அவருக்குத்தான் என் தங்கையை நிச்சயம் செய்திருந்தோம். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பேரைச் சொல்லி ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது மறுநாள் காலை. மணமக்களின் இரு வீட்டாரில் ஒருவர் சாமியாரிடம் போய் 'நிறுத்துங்கள்' என்றால் போதும், நின்றுவிடும். அப்படி நின்ற கல்யாணம் ஒன்றை எங்கள் தெருவே பார்த்திருந்தது.

உப்பளங்களுக்கு மேற்கே இருந்த பொட்டலில் ஆட்டம். நான்கு மூலைகளிலும் மணல் நிரப்பிய சாக்குகள். எல்லாரும் கிரிக்கெட்டில் ஊறியவர்கள் என்பதால் அடித்ததும் மட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடினார்கள். அதைத் தடுக்கும் விதி எதுவும் என் கண்ணில் படவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு துறைமுகத்துக்காரர், கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுவதுபோல, மட்டையை நீட்டிச் சாக்கைத் தொட்டுவிட்டு நின்றார். பந்தோடு வந்து அவரைத் தொட்டவர் என் வருங்கால மைத்துனர்தான்.

"ஏலே, மட்டையா ஓடி வந்துச்சு? காலு எங்கன பட்டுச்சு? புஸ்தகத்தைப் பாருங்க மச்சான்!" என்று கத்தினார்.

பார்த்தேன். சாக்கைத் தொடுமுன் பந்து மேலே பட்டால் அவுட்; சாக்கை ஆள்தான் தொடவேண்டும், மட்டை தொட்டால் ஆகாது. துறைமுகத்துக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்.

கடைசி இன்னிங்ஸ். திரேஸ்புரம் ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தது, இருவர் அவுட். மாப்பிள்ளை அடித்த பந்து உப்புப் பாத்தியில் போய் விழுந்தது. அவர் வெறுங்காலோடு மூன்று சாக்குகளையும் மிதித்துக் கடைசிச் சாக்கை நோக்கிப் பாய்ந்தார். நான் இரண்டடி தூரத்தில் குனிந்து நின்றேன். மட்டை நீண்டது, சாக்கில் பட்டது. ஒரு முழம் தள்ளி நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். எறிந்த பந்தை வாங்கிய துறைமுகத்துக்காரர் அவர் முதுகில் அதை வைத்து அழுத்தினார்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த நொடியில் நான் நினைத்தது விதியை அல்ல, மறுநாள் ஓலையை. ஆனால் மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவரை அனுப்பியாகிவிட்டது. அவுட் என்று கையைத் தூக்கினேன். ஆட்டம் துறைமுகத்துக்குப் போயிற்று.

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பி, தோழர்கள் சூழ நடந்துபோனார். அவருடைய அப்பா மட்டும் என்னிடம் வந்தார்.

"நல்லா இருக்கு மருமகனே. பொண்ணைக் குடுக்குமுன்னே மாப்பிளைய வெளிய அனுப்பிட்டியரே!"

அது கேலியா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்று மாலை கல்யாணச் சேலை பற்றிப் பேச அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. விளக்கேற்றியபின்னும் வரவில்லை.

"ஊருக்கெல்லாம் நீதான் ஞாயம் பாக்கணுமாக்கும்! கண்ணுல தூசி விழுந்துட்டுன்னு சொல்லியிருந்தா என்ன?" என்றாள் அம்மா.

தங்கை என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "மட்டைதான் பட்டுச்சா? காலு படவே இல்லியா?"

"படலை."

"அப்பம் அவுட்டுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாப்பிட வரவில்லை. நானும் சாப்பிடவில்லை.

ஞாயிறு முதல் பூசைக்கு வீட்டிலிருந்து நான் மட்டும் போனேன். மாப்பிள்ளை எனக்கு நான்கு வரிசை முன்னால் இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. சாமியார் ஓலையை எடுத்தார். என் தங்கையின் பேரும் அவர் பேரும் ஒலித்தன. "தடை உண்டென்று அறிந்தவர்கள்..." என்னும் இடம் வந்ததும் மாப்பிள்ளையின் அப்பா பெரிதாக இருமினார். அவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். வேறொன்றும் நடக்கவில்லை. சாமியார் தாளை மடித்தார்.

பூசை முடிந்து வாசலில் நின்றபோதுதான் மாப்பிள்ளை நொண்டி வருவதைக் கண்டேன். வலது குதிங்காலில் பெரிய கட்டு.

"பொட்டல்ல கெடந்த சிப்பி கிழிச்சுட்டு மச்சான். ஓடும்போது வலியே தெரியல. நீங்க கையைத் தூக்கினப்பதான் தெரிஞ்சுது! ஆசுபத்திரியில தையல் போட்டு, ஊசி போட்டு, வீட்டுக்கு வர ராத்திரியாயிட்டு. அதான் ஒருத்தரும் வரல."

"கோபமில்லையே?" என்றேன்.

"இருந்துச்சு. மூணாவது இன்னிங்ஸ்ல புஸ்தகத்தைப் பாக்கச் சொன்னவன் நாந்தானேன்னு யோசிச்சேன், போயிட்டு."

பின்னால் வந்த அவருடைய அப்பா, "இனி எங்க ஆட்டத்துக்கு எல்லாம் நீரு வேடிக்கை பாக்க மட்டும் வாரும்" என்றார். இந்தமுறை அது கேலி என்பதில் சந்தேகம் இல்லை.

வீடு வந்ததும் இரண்டு டம்ளர் காப்பி குடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். தங்கை மட்டும் காயத்தைப் பற்றி விசாரித்தாள்.

"எத்தனை தையலாம்?"

"நாலு."

"கோவில்ல முட்டுப்போட்டு எந்திக்கணுமே. அதுக்குள்ள ஆறிருமா?"

நாட்குறிப்பை எடுத்து எண்ணிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. "ஆறிரும்" என்றேன்.